உல்லாசப் படகும் கொடையின் விலையும்

அமெரிக்கக் குடியரசுத் தலைவர் பிராங்க்ளின் ரூசவெல்ட் பயன்படுத்திய ‘பொட்டோமாக்’ என்னும் உல்லாசப் படகைப் பாடகர் எல்விஸ் பிரெஸ்லி 1964இல் 55,000 டாலருக்கு வாங்கினார். இளம்பிள்ளைவாத ஒழிப்புக்காக ரூசவெல்ட் நிறுவிய ‘மார்ச் ஆஃப் டைம்ஸ்’ அமைப்புக்கே அதை வழங்க முன்வந்தார், அவ்வமைப்பு ஏற்கவில்லை. பின்னர் மெம்ஃபிஸ் நகரின் செயின்ட் ஜூட் குழந்தைகள் மருத்துவமனை அதைப் பெற்று விற்றது. மருத்துவமனைக்கு வேண்டியிருந்தது பணம், படகன்று. அவ்வாறாயின் பொருட்கொடையின் மதிப்பு எது? கொடுத்தவர் சொல்லும் விலையா, பெற்றவரிடம் சேர்ந்த தொகையா?

முதல் உலகப் போரின்போது வருமான வரி கடுமையாக உயர்ந்தது. அதனால் செல்வர்களின் கொடை வற்றிவிடும் என்ற அச்சத்தில், அறக்கொடைக்கு வரிக்கழிவு வழங்கும் விதி 1917இல் இயற்றப்பட்டது. பொருளாகக் கொடுப்போர் அதன் சந்தை மதிப்பைக் கழித்துக்கொள்ளும் வழக்கம் நிலைபெற்றது. சிக்கல் இங்குதான் தொடங்கியது. பழைய படகு ஒன்றை அதன் உரிமையாளர் 1,00,000 டாலர் என மதிப்பிட்டுக் கொடுப்பதாகக் கொள்வோம். வரிவிகிதம் 35 விழுக்காடு எனில் அவருக்கு 35,000 டாலர் மிச்சம். ஏலத்தில் அப்படகு 20,000 டாலருக்கே போனால், தாமே விற்பதைவிடத் தானம் செய்வதே அவருக்கு ஆதாயம். அந்த ஆதாயத்தின் சுமை பொதுக் கருவூலத்தின் மேல் விழுகிறது.

இது வெறும் கற்பனைக் கணக்கன்று. அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு வாகனக் கொடைகளை ஆராய்ந்து 2003இல் அறிக்கை வெளியிட்டது. தடம்பற்றி ஆராயப்பட்ட 54 வாகனங்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு, கொடையாளர் கோரிய மதிப்பில் 5 விழுக்காடோ அதற்கும் குறைவோதான் அறநிறுவனங்களுக்குக் கிடைத்திருந்தது.

2004ஆம் ஆண்டுச் சட்டம் இவ்வழியைச் சுருக்கியது. 2005 முதல், 500 டாலருக்கு மேல் மதிப்புக் கோரப்படும் கார், படகு, விமானம் ஆகியவற்றை அறநிறுவனம் விற்றுவிட்டால், விற்றுப் பெற்ற தொகையே கழிவின் உச்சவரம்பு. நிறுவனம் தன் பணிக்கே குறிப்பிடத்தக்க அளவு பயன்படுத்தினாலோ, பெருமளவில் செப்பனிட்டாலோ, வறியோர்க்கு மலிவாக அளித்தாலோ விலக்குண்டு. சட்டம் நடைமுறைக்கு வந்தபின் வாகனக் கொடைகள் வெகுவாகக் குறைந்தன. ஈகையும் வரிச்சேமிப்பும் எவ்வளவு நெருங்கிப் பிணைந்திருந்தன என்பதை அச்சரிவு காட்டுகிறது.

இந்திய வருமான வரிச் சட்டம் (1961) வேறு வழியில் சென்றது. அதன் 80ஜி பிரிவு பணக்கொடைக்கு மட்டுமே கழிவளித்தது. மதிப்பீட்டுப் பூசலுக்கு இடமில்லை. ஆனால் உடையும் நூலும் உணவும் கொடுப்போரின் ஈகை கணக்கில் ஏறுவதுமில்லை. ஒரு சட்டம் கொடையாளரின் சொல்லை அளவுகடந்து நம்பியது. மற்றொன்று அச்சொல்லுக்கே இடமளிக்கவில்லை. அறத்தை வரிக்கணக்கில் ஏற்ற முனையும் எந்த அரசும் இவ்விரண்டுக்கும் நடுவே ஓர் அளவுகோலைத் தேடியாக வேண்டும்.