ஸ்பே வீச்சும் நீள்வயிற்றுத் தூண்டில் கயிறுகளும்

ஸ்பே வீச்சு என்பது இரு கைகளாலும் பிடிக்கும் நீண்ட தூண்டில் கோலைக் கொண்டு, கயிற்றை முதுகுக்குப் பின்னால் முழுவதும் நீட்டாமலேயே ஆற்றின் குறுக்கே எறியும் முறையாகும். ஸ்காட்லாந்தின் வடகிழக்கில் ஓடி மோரே வளைகுடாவில் கலக்கும் ஸ்பே ஆற்றின் பெயரால் இது அழைக்கப்படுகிறது. இறகும் நூலும் சுற்றிக் கட்டிய செயற்கை இரைக்கு எடை மிகக் குறைவு. அதைச் சுமந்து செல்வது கயிற்றின் எடையே. ஆகவே இம்முறையின் வரலாறு பெருமளவு கயிற்றின் வரலாறாகவே உள்ளது.

தோற்றம்

19ஆம் நூற்றாண்டில் ஸ்பே ஆற்றில் அட்லாண்டிக் சால்மன் பிடித்தவர்களுக்கு இரண்டு இடர்கள் இருந்தன. ஆறு அகலமானது. கரையோ பல இடங்களில் உயர்ந்து, மரங்கள் அடர்ந்து இருந்தது. கயிற்றைப் பின்னால் வீசினால் கிளையில் சிக்கும். எனவே கயிற்றின் நுனியை நீரில் ஊன்றவிட்டு, மீதியைக் கோலுக்குப் பின்னே வளைவாக்கி, உடனே முன்னோக்கி உந்தும் முறை உருவாயிற்று. காற்றின் திசைக்கேற்ப ஒற்றை ஸ்பே, இரட்டை ஸ்பே என்னும் வகைகள் ஏற்பட்டன. தவறான வகையைத் தேர்ந்தால் தூண்டில் முள் வீசுபவரையே தைக்கக்கூடும்.

அக்காலக் கோல்கள் கிரீன்ஹார்ட் என்னும் கடினமான மரத்தால் ஆனவை. கயிறுகள் பட்டால் பின்னப்பட்டு எண்ணெய் ஊட்டப்பட்டவை. பயன்படுத்தியபின் உலர்த்தாவிட்டால் அவை மக்கிவிடும். இன்வர்னெஸ் நகரின் வயலின் செய்பவரான அலெக்சாண்டர் கிராண்ட் 1890களில் உருவாக்கிய ‘கிராண்ட் வைப்ரேஷன்’ கோல் இக்காலத்தில் புகழ்பெற்றது.

கயிற்றை அளக்கும் சிக்கல்

பட்டுக் கயிறுகளின் அடர்த்தி ஏறக்குறைய ஒன்றாக இருந்ததால், தடிமனைக் குறிக்கும் எழுத்துகளே போதுமானவையாக இருந்தன. 1950களில் நெகிழிப் பூச்சுக் கயிறுகள் வந்தன. ஒரே தடிமனுள்ள இரு கயிறுகளில் ஒன்று மிதந்தது, மற்றொன்று மூழ்கியது. ஆகவே 1960களின் தொடக்கத்தில் அமெரிக்கத் தூண்டில் கருவி உற்பத்தியாளர் சங்கம் எடையை அடிப்படையாகக் கொண்ட எண்களை வகுத்தது. கயிற்றின் முதல் 30 அடியே அளவுகோல். 10ஆம் எண் கயிற்றின் அப்பகுதி 280 கிரெயின், அதாவது சுமார் 18 கிராம்.

ஒரு கைக் கோலுக்கு இது பொருந்தியது. நீள்வயிற்றுக் கயிற்றில் வீச்சுக்கு உதவும் தடித்த பகுதி 60 அடியைத் தாண்டும். முதல் 30 அடிக்கு அப்பால் உள்ள எடையைப் பழைய எண் சொல்லவில்லை. அதனால் ஒரே எண் கொண்ட இரு கயிறுகள் ஒரே கோலில் வேறுவேறாக நடந்துகொண்டன. பின்னர் ஸ்பே கயிறுகளுக்கு, தலைப்பகுதியின் நீளத்தைக் கணக்கில் கொள்ளும் தனித்தரம் வகுக்கப்பட்டது.

குறுந்தலைக் கயிறுகளின் எழுச்சி

ஸ்வீடனின் கோரன் ஆண்டர்சன் குறுகிய தலைக்கயிற்றைக் கொண்டு ஸ்காண்டிநேவிய முறையைப் பரப்பினார். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஸ்காகிட் ஆற்றின் பெயரால் இன்னும் குறுகிய, கனமான கயிறுகள் தோன்றின. இவை கற்க எளியவை. பின்புறம் சிறிதளவே இடம் இருந்தாலும் போதும். கனமான இரையையும் தூக்கும்.

ஆயினும் நீள்வயிற்றுக் கயிறு மறையவில்லை. காரணம் மீன்பிடிப்பு முறையிலேயே உள்ளது. ஆற்றுக்குள் வந்த சால்மன் இரை உண்பதில்லை. அதைத் தூண்ட மீண்டும் மீண்டும் வீச வேண்டும். குறுந்தலைக் கயிற்றில் ஒவ்வொரு முறையும் பல மீட்டர் நீளத்தைக் கையால் இழுத்துச் சேர்க்க வேண்டும். ஸ்பே ஆற்றின் மீன்பிடி பருவம் பிப்ரவரி 11 அன்றே தொடங்குகிறது. அக்குளிரில் ஈரக் கயிறு கோலின் வளையங்களில் உறைந்துவிடும். நீள்வயிற்றுக் கயிற்றையோ பெரிதும் இழுக்காமலே தூக்கி மீண்டும் வீசலாம்.

மதிப்பிடும் முறை

புதிய நீள்வயிற்றுக் கயிற்றை மதிப்பிடும்போது மூன்று செய்திகள் முதன்மையானவை: தலைப்பகுதியின் முழு எடை, அதன் நீளம், தடிமன் குறையும் விதம். எடை பின்பக்கம் கூடியிருந்தால் கயிறு தொலைவு செல்லும். முன்முனை மெல்லியதாக இருந்தால் இரை மென்மையாக நீரில் இறங்கும். ஆனால் எதிர்காற்றில் வலுவிழக்கும். 15 அடிக் கோலுக்கு ஏற்ற நீளம் 13 அடிக் கோலுக்குச் சுமையாகிவிடும். சான் பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பூங்காக் குளங்களில் நடைபெறும் ஸ்பே வீச்சுப் போட்டிகளிலும் நீண்ட கயிறுகளே தொலைவுக்குப் பயன்படுகின்றன. ஆனால் அசையாக் குளத்தில் வெல்லும் கயிறு, இடுப்பளவு ஓடும் நீரில் நிற்பவருக்கும் அவ்வாறே உதவும் என்பதில்லை. ஆகவே ஆற்றில் வீசிப் பார்ப்பதே இறுதிச் சோதனையாகக் கருதப்படுகிறது.