முதியோர் யார் வீட்டில்?

"அந்தக் காலத்தில் கூட்டுக்குடும்பம் இருந்தது, முதியோர் நிம்மதியாக இருந்தார்கள்" என்று பலரும் சொல்வதுண்டு. செங்கல்பட்டின் வரலாறு இதை முழுமையாக ஒப்புக்கொள்வதில்லை.

1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்ற ஆங்கிலேயர் செங்கல்பட்டுச் சீமையின் கிராமங்களை அளந்தார். அப்போதைய திருப்போரூர் ஓலைக் கணக்கு இன்று நூலாகவே கிடைக்கிறது. வீடு, நிலம், விளைச்சலில் அவரவர் பங்கு எல்லாம் எண்ணப்பட்டன. வீட்டுக்குள் இருந்த முதியவரை யாரும் தனியாக எண்ணவில்லை. அவர் வீட்டோடு சேர்ந்தவர், அவ்வளவுதான்.

அன்று முதியோர் குறைவு, பிள்ளைகள் அதிகம். 1940களில்கூட இந்தியரின் சராசரி ஆயுள் சுமார் 32 ஆண்டுகளே. (குழந்தை இறப்பு மிகுந்திருந்ததே இதற்கு முக்கியக் காரணம்.) 2011 கணக்கெடுப்பில் தமிழகத்தில் 60 வயதைக் கடந்தோர் 10.4 சதவீதம். பிள்ளைகளோ வீட்டுக்கு ஒன்று, இரண்டு.

மாமல்லபுரம் கடற்கரைக் குப்பங்களில் வேறு வழக்கம் உண்டு. மகனுக்குக் கல்யாணமானால் தனி அடுப்பு. ஆனால் கூப்பிடு தூரம்தான். கடலுக்குப் போக முடியாத பெரியவர் வலையைச் சரிசெய்வார், பாட்டி கருவாடு காயவைப்பார். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின் தமிழகக் கடலோரத்தில் அரசுத் திட்டத்தில் கட்டப்பட்டவை சுமார் 325 சதுர அடி வீடுகள். பட்டா கணவன், மனைவி இருவர் பெயரிலும் தரப்பட்டது. பெண்ணுக்கு அது பெரிய உரிமை. ஆனால் அந்தச் சிறிய வீட்டில் வயதான தாய்க்கு எந்த மூலை?

1962இல் சென்னை மாநில அரசு ஆதரவற்ற முதியோருக்கு மாதம் 20 ரூபாய் உதவித்தொகை தொடங்கியது. 1978இல் சாவித்திரி வைத்தி ஆதரவற்ற மூதாட்டியருக்காக விச்ராந்தி இல்லத்தைத் தொடங்கினார். மாமல்லபுரம் செல்லும் சாலையில் பாலவாக்கத்தில் அது நிலைபெற்றது. இரண்டுமே யாருமற்றவர்களுக்கானவை.

2007இல் வந்த பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டமோ பிள்ளைகள் இருப்பவர்களுக்காகவும் வந்தது. கோட்டாட்சியரிடம் மனு கொடுத்தால் மாதம் 10,000 ரூபாய் வரை ஜீவனாம்சம் பெறலாம். பார்த்துக்கொள்வதாகச் சொல்லி எழுதி வாங்கிய சொத்தைப் பிள்ளை கைவிட்டால் திரும்பப் பெறவும் வழி உண்டு. அதற்கு அந்த நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதி வைப்பது நல்லது.

சுமார் 250 ஆண்டுகளுக்கு முன் முதியவரை யாரும் எண்ணவில்லை. இன்று எண்ணுகிறோம், சட்டமும் வைத்திருக்கிறோம். பணத்தைச் சட்டம் வாங்கித் தரும். கூப்பிடு தூரத்தில் ஒரு ஆளை அதனால் தர முடியாது.