குழாய்க்குள் கறுப்புச் சேறு

ஓடுகிற தண்ணீர் சுத்தம், தேங்கின தண்ணீர் அழுக்கு என்பது நம்முடைய அனுபவம். குளிர் தேசத்து வீடுகளில் சுவரோரமாக நிற்கும் ரேடியேட்டர் என்ற இரும்புப் பெட்டிகளின் விஷயம் இதற்கு நேர்மாறு. அவற்றுக்குள் சுற்றும் வெந்நீர் மாறாமலே கிடந்தால் குழாய்களுக்கு க்ஷேமம். புதுத் தண்ணீர் வர வரத்தான் உள்ளே சேறு கட்டும்.

இதை அறிந்து செய்தாரோ, அறியாமல் செய்தாரோ, லண்டனில் ஆங்கியர் மார்ச் பெர்க்கின்ஸ் என்பவர் 1831-ல் ஓர் ஏற்பாட்டுக்குக் காப்புரிமை வாங்கினார். அமெரிக்காவில் பிறந்து இங்கிலாந்தில் குடியேறியவர். ஒல்லியான, கனத்த இரும்புக் குழாய். அதில் ஒரு பகுதி அடுப்பிலே சுருண்டு கிடக்கும், மற்றது அறைகளைச் சுற்றிவிட்டு அடுப்புக்கே திரும்பும். தண்ணீரை நிரப்பிக் காற்றுப் புகாமல் மூடிவிடுவார். பிரபல கட்டடக்கலை நிபுணர் ஸர் ஜான் சோன் தம் வீட்டில் வேறு பல முறைகளைப் பரீட்சை பார்த்து அலுத்த பிறகு, 1832-ல் பெர்க்கின்ஸைக் கூப்பிட்டார். எண்பதை நெருங்கிய கிழவர். வீடு நிறையச் சிலைகளும் ஓவியங்களும். அவற்றைக் காப்பாற்றவா, தம் கால் விரல்களைக் காப்பாற்றவா என்று கேட்டால், விரல்களைத்தான் என்பேன்.

சாமான்ய ஜனங்களுக்கு இந்தச் சுகம் எட்ட நூறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. 1970-களின் தொடக்கத்தில்கூடப் பிரிட்டனில் பாதி வீடுகளுக்கு இது கிடையாது. வட கடலில் 1965-ல் எரிவாயு கிடைத்து, 1967 முதல் பத்து வருஷத்தில் வீட்டு அடுப்புகளெல்லாம் அதற்கேற்ப மாற்றப்பட்டன. அதையொட்டி மெல்லிய எஃகு ரேடியேட்டர்கள் வீடு வீடாக ஏறின. கூடவே பரணில் ஒரு சிறு திறந்த தொட்டியும் ஏறிற்று. வினை அங்கேதான். எங்கோ ஒரு மூட்டு கசிந்தால் தொட்டி சத்தமில்லாமல் புதுத் தண்ணீரை இறக்கும். அதோடு பிராணவாயுவும் இறங்கும்.

பிராணவாயு தாராளமாக இருந்தால் இரும்பு செந்துருவாகிறது. குறைந்த இடத்தில் கறுப்புத் துருவாகிறது. மைபோல் நயமான பொடி, காந்தத்தில் ஒட்டும். இந்த ரஸாயன மாறுதலில் ஹைட்ரஜன் வாயுவும் பிறக்கும். ரேடியேட்டரின் தலைப்பக்கம் மட்டும் குளிர்ந்திருந்தால் காற்றோ இந்த வாயுவோ சேர்ந்திருக்கிறது. திருகைத் தளர்த்தினால் 'புஸ்'ஸென்று போய்விடும். (பக்கத்தில் தீக்குச்சி கிழிக்க வேண்டாம்!) தலை சுட்டு, அடி குளிர்ந்தால் அது சேறு. அடுப்பு எரிந்துகொண்டேயிருக்கும், பணமும் எரியும், வீட்டிலிருக்கும் வயோதிகர் கம்பளிக்குள்ளே நடுங்குவார்.

சுத்தம் செய்ய வருகிறவர் முதலில் சேற்றை இளக்கும் மருந்தைக் கலந்து சில நாள் ஓடவிடுவார். பிறகு பெரிய பம்பை இணைத்து, ஒவ்வொரு ரேடியேட்டராக முன்னும் பின்னும் தண்ணீரைப் பாய்ச்சி, ரப்பர் சுத்தியால் தட்டுவார். பேனா மைபோல வரும் நீர் தெளியும்வரை இது நடக்கும். அரித்து மெலிந்த தகடாக இருந்தால் சேறு போனதும் ஒழுகத் தொடங்குவதும் உண்டு; அதை முன்கூட்டியே சொல்கிறவர் யோக்கியர்.

இவ்வளவும் முடிந்தபின் உள்ளே நிற்பது முழுக்க முழுக்கப் புதுத் தண்ணீர். துருத் தடுக்கும் மருந்தை அதில் ஊற்றாமல் போனால், கழுவின அன்றே அரிப்பு மறுபடி ஆரம்பம். இப்போதெல்லாம் பரண் தொட்டியே இல்லாமல், மூடிய குழாய்களாகவே பெரும்பாலும் அமைக்கிறார்கள். சூட்டில் நீர் விரிய இடம் கொடுக்க, ரப்பர் சவ்வு வைத்த சிறு கலம் ஒன்று போதுகிறது.