பழைய சாஃப்ட்வேர்கள் திடீரென 'எரர்' காட்டுவது ஏன்? சி மொழியில் என்ன மாறியது?

20, 30 வருடமாகப் பிரச்சினை இல்லாமல் கம்பைல் ஆன சி மொழி புரோகிராம்கள் சில, 2024 மே மாதம் வெளியான ஜிசிசி 14-ல் எரர் காட்டி நின்றுவிடுகின்றன. கோடில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. அப்புறம் என்னதான் ஆச்சு?

மனிதர்கள் எழுதும் கோடை கணினிக்குப் புரியும்படி மாற்றித் தருவதுதான் கம்பைலர். அதில் அதிகம் பயன்படும் ஒன்று ஜிசிசி. 1989-ம் ஆண்டு சி விதிப்படி, ஒரு ஃபங்ஷனை முன்கூட்டியே அறிவிக்காமல் கூப்பிடலாம். அது 'இன்ட்', அதாவது முழு எண் தரும் என்று கம்பைலரே நினைத்துக்கொள்ளும். 1999-ல் வந்த சி99 இந்தச் சலுகையை நீக்கியது. ஆனா கம்பைலர்கள் வெறும் எச்சரிக்கையோடு விட்டுவிட்டன. 2023-ல் கிளாங் 16, அடுத்த ஆண்டு ஜிசிசி 14 என இப்போதுதான் கண்டிப்பு வந்திருக்கிறது.

இந்தக் கண்டிப்பு தேவையா? தேவைதான். இன்றைய 64-பிட் கணினிகளில் மெமரி முகவரி 64 பிட், இன்ட் பெரும்பாலும் 32 பிட். முகவரி தரும் ஃபங்ஷனை அறிவிக்காமல் விட்டால் பாதி முகவரி வெட்டுப்பட்டுப் போகும். முகவரி சின்னதாக இருக்கும்வரை புரோகிராம் ஓடும், பெரிதானால் கிராஷ்!

சத்தமில்லாத சிக்கல்

எரர் வந்தால்கூட பரவாயில்லை, திருத்திவிடலாம். எரரே காட்டாத இடம்தான் ஆபத்து. பல பழைய பேக்கேஜ்களில் 'கான்ஃபிகர்' என்ற ஸ்கிரிப்ட் உண்டு. அது குட்டிக் குட்டி சோதனை புரோகிராம்களை கம்பைல் செய்து பார்க்கும். கம்பைல் ஆகவில்லை என்றால், 'இந்த வசதி கணினியில் இல்லை' என்று முடிவு கட்டிவிடும். அந்தச் சோதனை கோடே பழைய பாணியில் இருந்தால்? இருக்கும் வசதியையும் இல்லை என்று சொல்லிவிடும். பில்ட் வெற்றி, ஆனா உள்ளே ஒரு வசதி காணாமல் போயிருக்கும்.

இதற்காகவே ஃபெடோரா லினக்ஸ் குழு, ஜிசிசி 14 வருவதற்கு முன்பே பேக்கேஜ்களைச் சோதித்துத் திருத்தங்களைத் தயாரித்தது. பழைய, புதிய கம்பைலர் இரண்டிலும் கான்ஃபிகரை ஓட்டி, முடிவுகளை வரிக்கு வரி ஒப்பிடுவது நல்ல வழி.

திருத்தம் பெரும்பாலும் சின்னதுதான்: விடுபட்ட ஹெடர் ஃபைலைச் சேர்ப்பது, மெயின் ஃபங்ஷனுக்கு முன்னால் இன்ட் எழுதுவது. அவசரத்துக்கு ஜிசிசி 14-ல் 'எஃப்-பெர்மிசிவ்' என்ற ஆப்ஷன் கொடுத்தால் இந்த எரர்கள் மறுபடி எச்சரிக்கையாகிவிடும்.

அதோடு முடியவில்லை. 2025 ஏப்ரலில் வந்த ஜிசிசி 15, சி23 விதியையே இயல்பாக வைத்துக்கொண்டது. 'பூல்', 'ட்ரூ', 'ஃபால்ஸ்' எல்லாம் மொழியின் சொந்தச் சொற்கள் ஆகிவிட்டன; அதே பெயரில் தனியாக வகை உருவாக்கிய பழைய கோட் நின்றுபோகும். ஃபங்ஷன் அறிவிப்பில் வெற்று அடைப்புக்குறி போட்டால், இனி 'உள்ளீடே கிடையாது' என்று அர்த்தம். திருத்த ஆளில்லாத பேக்கேஜ்களை, 'ஜிஎன்யு17' என்று பழைய விதியைக் குறிப்பிட்டு இப்போதைக்கு கம்பைல் செய்துகொள்ளலாம்.