பௌரிங் ஆஸ்பத்திரியும் ‘பணக்கார வியாதி’யும்

பௌரிங் ஆஸ்பத்திரி 1868-இல் திறக்கப்பட்டபோது, அது நிற்கும் பெங்களூர் சிவாஜிநகருக்கு அந்தப் பெயர் இல்லை, பிளாக்பள்ளி என்பார்கள். 1809-இல் ஆங்கிலேயர் பெங்களூரில் தண்டு இறக்கிய பின், படையோடு சென்னை மாகாணத்திலிருந்து வந்த தமிழர்கள் தழைத்த பகுதி அது. மைசூர் கமிஷனர் லூவின் பௌரிங்கின் பெயர் தாங்கிய ஆஸ்பத்திரி, பாரிஸின் லாரிபோசியே மருத்துவமனையின் அமைப்பைப் பின்பற்றி எழுந்தது. காலரா, அம்மை, காய்ச்சல் இவைதாம் அன்றைய பயங்கள். 1898-இல் பிளேக்கும் வந்து சேர்ந்தது.

நீரிழிவை மருத்துவர்கள் அறியாமல் இல்லை. அடங்காத தாகம், ஓயாத சிறுநீர், அதில் மொய்க்கும் எறும்பு ஆகியவை நம் பழைய வைத்திய நூல்களிலேயே உண்டு. காரணம்தான் தெரியவில்லை. பௌரிங் திறந்த மறு ஆண்டு, பெர்லினில் பால் லாங்கர்ஹான்ஸ் என்ற 21 வயது மாணவர் கணையத்தில் தனித்தனித் திட்டுகளாக நிற்கும் செல்களைக் கண்டு எழுதினார். அவை எதற்கென்று அவருக்கே விளங்கவில்லை. 1889-இல் ஸ்ட்ராஸ்பர்கில் மின்கோவ்ஸ்கி, மெரிங் என்ற மருத்துவர்கள் ஒரு நாயின் கணையத்தை அகற்ற, அதன் சிறுநீரில் சர்க்கரை இறங்கியது.

அந்தத் திட்டுகளின் வேலை வியக்கத்தக்கது. சாப்பாடு குளுக்கோசாகி ரத்தத்தில் ஏறியதும் அவற்றிலுள்ள பீட்டா செல்கள் இன்சுலினைச் சுரக்கின்றன. தசையும் கொழுப்பும் சர்க்கரையை உள்வாங்குகின்றன, கல்லீரல் ஒரு பங்கைக் கிளைக்கோஜனாகச் சேமிக்கிறது. இரவில் வயிறு காயும்போது அடுத்திருக்கும் ஆல்ஃபா செல்கள் குளுக்ககானை அனுப்பி அந்தச் சேமிப்பைத் திறக்கின்றன. வெறும் வயிற்றில் ஒரு பெரிய ஆளின் ரத்தம் முழுவதிலும் உள்ள குளுக்கோஸ் சுமார் 5 கிராம்தான், ஒரு தேக்கரண்டி அளவு.

முதல் வகை நீரிழிவில் உடலின் எதிர்ப்பாற்றலே பீட்டா செல்களை அழிக்கிறது. நம்மிடையே மிகப் பரவலான இரண்டாம் வகையில் இன்சுலின் இருந்தும் தசையும் கல்லீரலும் அதற்குச் சரியாக இணங்குவதில்லை. கணையம் கூடுதலாகச் சுரந்து பல ஆண்டுகள் ஈடுகட்டும், பிறகு தளரும். ரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு ஏறக்குறைய 180 மில்லிகிராமைத் தாண்டினால் சிறுநீரகத்தால் மீட்க முடியாமல் வெளியேறும், நீரையும் இழுத்துக்கொண்டு. தாகம் எடுப்பது அதனால்தான்.

1922 ஜனவரியில் டொராண்டோவில் லெனார்ட் தாம்ப்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு இன்சுலின் ஏற்றப்பட்டது. அதற்கு முன் உலகில் எந்த ஆஸ்பத்திரியிலும் கடும் பத்தியத்தைத் தாண்டிச் சொல்ல எதுவுமில்லை.

ஆனால் மருந்தைவிட மெல்ல நகர்ந்தது மனப்போக்கு. 1907-இல் பிரிட்டிஷ் மருத்துவ சங்கம் வெப்ப நாடுகளின் நீரிழிவை விவாதித்தபோது, உட்கார்ந்த இடத்தில் வேலை பார்க்கும் வசதியான வங்காளிகளின் நோயாகவே அது பேசப்பட்டது. ‘பணக்கார வியாதி’ என்ற அந்த எண்ணம் பெரும் கேடு செய்தது; இன்னும் செய்கிறது. 1948-இல் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் டாக்டர் எம். விஸ்வநாதன் நீரிழிவுக்கெனத் தனிப் பிரிவு தொடங்கியது ஓர் அரசு ஆஸ்பத்திரியில், ஏழைகள் வரும் இடத்தில் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்த ஆய்வு 2017-இல் வெளியிட்ட முடிவு, இது ஏழைகளின் நோயும்தான் என்பதை உறுதிசெய்தது: முன்னேறிய மாநிலங்களின் நகரங்களில் வசதி குறைந்தவர்களிடமே நீரிழிவு அதிகம். 2023-இல் அதே ஆய்வு நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு என்றது, 13.6 கோடிப் பேர் அதன் வாசலில்.

சிவாஜிநகர் ரஸ்ஸல் மார்க்கெட்டில் மூட்டை தூக்குபவருக்கும், பூக்கடை வைத்திருக்கும் அம்மாவுக்கும் இது பொருந்தும். ‘உழைக்கிற உடம்புக்கு சுகர் வராது’ என்று இருந்துவிடாதீர்கள். 30 வயது கடந்தவர்களுக்கு அரசு சுகாதார நிலையங்களில் சர்க்கரைப் பரிசோதனை இலவசம். உடம்பில் எந்தத் தொந்தரவும் தெரியாத இப்போதே போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள்.