இருபது லட்சம் பேரின் கணக்கு

போர்னா கணக்குன்னு சொல்றவங்க உண்டு. நமக்கு இத்தனை கப்பல், எதிரிக்கு அத்தனை, இவ்வளவு உயிர் போனா அவ்வளவு உயிர் மிச்சம்... நானும் அந்தக் கட்சியிலதான் இருந்தேன், ஒரு கதை வந்து கலைச்சுப் போடற வரைக்கும். ஜப்பானிய எழுத்தாளர் யோஷிகி டனாகா 1982-ல் ஆரம்பிச்சு 1987-ல் பத்து பாகமா முடிச்ச 'லெஜண்ட் ஆஃப் த கேலக்டிக் ஹீரோஸ்'. அனிமேயா 110 எபிசோட் வந்திருக்கு. அதுல வர்ற லிப்ஸ்டாட் உள்நாட்டுப் போரை ஒரு சரித்திரமாவே எடுத்துக்கிட்டுப் பேசலாம். (கதையைப் போட்டு உடைக்கப் போறேன். படிக்கணும்னு நினைக்கறவங்க இங்கயே நிறுத்திக்கலாம் :-))

முதல்ல அரசியல். விண்மீன் பேரரசின் சக்கரவர்த்தி நாலாம் ஃபிரெடரிக் வாரிசு யாருன்னு சொல்லாமலேயே செத்துப்போறார். மருமகன்கள் ரெண்டு பேர், பிரவுன்ஷ்வைக், லிட்டன்ஹைம். ரெண்டு பேருக்கும் ஆளுக்கொரு பொண்ணு. தன் பொண்ணுதான் அரியணை ஏறணும்னு ரெண்டு பேருக்கும் ஆசை. அதுக்குள்ள கிழட்டு மந்திரி லிக்டன்லாடவும் இளம் தளபதி ரைன்ஹார்டும் கைகோத்து, அஞ்சு வயசுப் பேரனைச் சிம்மாசனத்துல உக்கார வெச்சுடறாங்க. உடனே மருமகன்கள் பகையை மறந்து, மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பிரபுக்களைச் சேர்த்துக்கிட்டு லிப்ஸ்டாட் கூட்டணின்னு கிளம்பறாங்க. பகையை மறந்தாங்கன்னு சொன்னேனே, அது சும்மா. ஜெயிச்சா யார் பொண்ணு ராணிங்கற கேள்வி அப்படியேதான் இருந்துச்சு.

ரைன்ஹார்டுக்கு 21 வயசு. போருக்கு முன்னாடியே அவன் செஞ்ச வேலைதான் நிஜமான ராஜதந்திரம். பேரரசுக்கு எதிரி நாடு ஒண்ணு இருக்கு, சுதந்திர கிரகங்களின் கூட்டமைப்பு. வீட்டுக்குள்ள சண்டை நடக்கும்போது அவங்க உள்ளே பூந்துட்டா? அதனால போர்க்கைதிகள் பரிமாற்றத்தோட ஒரு ஆளைக் கலந்து அனுப்பி, அங்க ராணுவப் புரட்சிக்குத் திரி கொளுத்தறான். யாங் வென்லி இதை முன்கூட்டியே ஊகிச்சும் தடுக்க முடியல. தன் சொந்த நாட்டுப் படையோடவே மோத வேண்டியதாப் போச்சு. ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல உள்நாட்டுப் போர்!

பிரபுக்கள் பக்கம் ஆள் பலத்துக்குக் குறைச்சல் இல்ல. மெர்காட்ஸ் மாதிரி அனுபவசாலியை மிரட்டித்தான் தளபதி ஆக்கினாங்க. என் கட்டளைக்கு எல்லாரும் கட்டுப்படணும்ங்கறது அவர் போட்ட நிபந்தனை. தலையாட்டினாங்க, ஒருத்தரும் கட்டுப்படல. லிட்டன்ஹைம் கோவிச்சுக்கிட்டு 50,000 கப்பலோட தனியாப் போறார். கிர்ச்சைஸ், ரைன்ஹார்டின் பால்ய நண்பன், வெறும் 800 கப்பலோட அந்தக் கூட்டத்துக்கு நடுவுல பூந்து கலைச்சு விடறான். தப்பிச்சு ஓடற அவசரத்துல லிட்டன்ஹைம் வழியில நின்ன சொந்த சப்ளை கப்பல்களையே சுட்டுத் தள்ளிட்டுப் போறார். கடைசியில அவர் செத்தது சொந்த ஆள் ஒருத்தன் கையாலதான்.

ஆக, போர் பாதிக்கு மேல முடிஞ்சாச்சு. இப்பதான் வெஸ்டர்லாண்ட் வருது.

அது பிரவுன்ஷ்வைக்கோட கிரகம். அவரோட மருமான் அங்க மக்களைக் கசக்கிப் பிழிய, ஜனங்க பொங்கி எழுந்து அடிச்சுட்டாங்க. அவன் காயத்தோட ஓடிவந்து செத்துப்போறான். பிரவுன்ஷ்வைக் கோபத்துல அணுகுண்டு போடச் சொல்றார். 20 லட்சம் பேர். விஷயம் முன்னாடியே ரைன்ஹார்ட் காதுக்கு வந்துடுது. ஆலோசகன் ஓபர்ஸ்டைன் சொல்றது இதுதான்: தடுக்காதீங்க. நடக்கட்டும், படம் பிடிச்சு ஊர் பூராவும் காட்டுவோம். பிரபுக்கள் மேல இருக்கற கொஞ்ச நஞ்ச மரியாதையும் போயிடும், போர் சீக்கிரம் முடியும், இதைவிட அதிக உயிர் மிச்சமாகும்.

நாவல்ல ரைன்ஹார்ட் இதுக்குச் சம்மதிச்சுடறான். அனிமேல அவன் தயங்கறான், ஓபர்ஸ்டைன் தாக்குதல் நேரத்தை மறைச்சு காரியத்தை முடிச்சுடறான். எப்படிப் பார்த்தாலும் திட்டம் பலிச்சுது. படத்தைப் பார்த்த கிரகங்கள் கட்சி மாறிச்சு. பிரபுக்களோட கப்பல்கள்லயே சாதாரணச் சிப்பாய்கள் அதிகாரிகளுக்கு எதிராத் திரும்பினாங்க.

முதல் தடவை பார்த்தப்ப, ஓபர்ஸ்டைன் சொல்றதுல என்ன தப்புன்னுதான் நினைச்சேன். ரெண்டாவது தடவைதான் உறைச்சுது. அந்தக் கணக்குல ரெண்டு ஓட்டை.

ஒண்ணு, 20 லட்சம் பேர் சாவு நிச்சயம். மிச்சமாகும்னு சொன்ன உயிர்கள் வெறும் ஊகம். லிட்டன்ஹைம் காலி, கூட்டணி உடைஞ்சாச்சு. எப்படியும் ஜெயிக்கப் போற போரைச் சீக்கிரம் ஜெயிக்கறதுக்குக் கொடுத்த விலை அது.

ரெண்டாவது இன்னும் பெரிசு. ரைன்ஹார்டோட பலம் கப்பல் இல்ல. 'இவன் பிரபுக்கள் மாதிரி கிடையாது'ன்னு சாமானியன் வெச்சிருந்த நம்பிக்கை. கிர்ச்சைஸ் கோபப்பட்டது இதுக்குத்தான். பிரபுக்கள் செய்யலாம், அவங்க அப்படித்தான். நீங்க செய்யக்கூடாது. ரைன்ஹார்டால இதைத் தாங்க முடியல. தன் முன்னாடி ஆயுதம் வெச்சிருக்க கிர்ச்சைஸுக்கு மட்டும் இருந்த தனிச் சலுகையை எடுத்துடறான். வெற்றி விழாவுல பிரவுன்ஷ்வைக்கோட விசுவாசி ரைன்ஹார்டைக் கொல்லப் பாயும்போது, கிர்ச்சைஸ் வெறுங்கையோட குறுக்கே விழுந்து செத்துப்போறான். கையில துப்பாக்கி இருந்திருந்தா?

மூணு வருஷம் கழிச்சு ரைன்ஹார்ட் சக்கரவர்த்தியா இருக்கும்போது, வெஸ்டர்லாண்ட்ல பொண்டாட்டி பிள்ளையைப் பறிகொடுத்த ஒருத்தன் அவனைக் கொல்ல வர்றான். பிடிபட்டதும் மூஞ்சிக்கு நேரா கேக்கறான், தெரிஞ்சும் ஏன் தடுக்கலைன்னு. ஓபர்ஸ்டைன்தான் முன்னாடி வந்து, யோசனை என்னோடது, என்னைச் சுடறதுன்னா சுடுங்கற மாதிரி பேசறான். அவனுக்கு இன்னமும் அது சரியான கணக்குதான். அண்டத்தையே ஜெயிச்ச ரைன்ஹார்ட் ஒரு வார்த்தை பேச முடியாம நிக்கறான்.

அந்தக் காட்சிக்கப்புறம் நான் ஓபர்ஸ்டைன் கட்சியில இல்ல.