"64 என்றால் சி தானே சேர்?"

கொஞ்சம் நீண்ட பதிவு. நேரம் இருக்கிறவர்கள் ஆறுதலாக வாசியுங்கள்.

போன வாரம் மஃரிபுக்குப் பிறகு எங்கள் ஊர்த் தாய் ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். கையில் ஒரு தாள். மகன் வாட்ஸ்அப்பில் அனுப்பிய பெறுபேற்றைக் கடையில் கொடுத்து பிரின்ட் எடுத்திருக்கிறார். பையன் என்னிடம் வரலாறு படித்தவன். மூன்று வருடமாக இங்கிலாந்தில் படிக்கிறான். வாப்பா கட்டாரில் உழைத்து அனுப்பிய காசும், விற்ற வயற்காணியும் அந்தப் படிப்புக்குள் இருக்கிறது.

"சேர், எல்லாம் சேத்து 64 என்டு போட்டிருக்கு. 64 என்டா சி தானே? இதுக்கா காணிய வித்த நாங்க?"

அவருடைய கணக்கில் பிழை இல்லை. நம் நாட்டுப் பரீட்சையில் 75க்கு ஏ, 65க்கு பி. 64 என்றால் சி தான். ஆனால் அங்கே 64 என்பது இரண்டாம் வகுப்பு மேற்பிரிவு, நாங்கள் சொல்கிற செக்கன்ட் அப்பர். 70உம் அதற்கு மேலும் முதலாம் வகுப்பு. 60 முதல் 69 வரை மேற்பிரிவு, 50 முதல் 59 வரை கீழ்ப்பிரிவு, 40 முதல் 49 வரை மூன்றாம் வகுப்பு. இதைச் சொன்னதும் அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். மனதைத் தேற்றப் பொய் சொல்கிறேன் என்று நினைத்திருப்பார்.

"70க்கே பர்ஸ்ட் கிளாஸ் என்டா, 90, 100 எடுக்கிறவங்களுக்கு என்ன குடுப்பாங்க?"

நியாயமான கேள்வி. அதற்கு ஒழுங்கான பதில் சொல்வதென்றால் 250 வருடம் பின்னால் போகவேண்டும். அன்றைக்கு தேத்தண்ணி ஆறும் நேரத்துக்குள் சொல்ல முடியாமல் போனதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

1770ஆம் ஆண்டு. ஒக்ஸ்போர்டில் ஜோன் ஸ்கொட் என்ற மாணவன் பட்டப் பரீட்சைக்குப் போகிறான். பாடம் ஹீப்ரு மொழியும் வரலாறும். மண்டையோட்டின் இடம் என்பதற்கு ஹீப்ருவில் என்ன சொல் என்று கேட்டார்களாம். கொல்கொதா என்றானாம். யுனிவர்சிட்டி கல்லூரியை நிறுவியவர் யார் என்று கேட்டார்களாம். அல்பிரட் மன்னர் என்றானாம். அவ்வளவுதான், பட்டம் கிடைத்துவிட்டது. பின்னாளில் எல்டன் பிரபு என்ற பெயரில் இங்கிலாந்தின் லோர்ட் சான்சலராக இருந்தவர் இவர். தன் பரீட்சையைப் பற்றி அவரே சொல்லிச் சிரித்த கதை இது. கொஞ்சம் உப்புப் புளி கூடியிருக்கலாம். ஆனால் அந்தக் காலத்து ஒக்ஸ்போர்ட் பரீட்சை வெறும் சடங்கு என்பதில் வரலாற்றாசிரியர்களுக்குச் சந்தேகம் இல்லை. பணக்கார வீட்டுப் பிள்ளைகள் வருவார்கள், சில வருடம் தங்குவார்கள், பட்டத்தோடு போவார்கள். யார் படித்தவன், யார் குதிரை ஓட்டியவன் என்று பிரித்தறிய வழியே இல்லை.

இது வெட்கக்கேடு என்று நினைத்த சிலர் அங்கேயே இருந்தார்கள். ஓரியல் கல்லூரியின் தலைவர் ஜோன் எவ்லே, கிரைஸ்ட் சர்ச்சின் டீன் சிரில் ஜக்சன் போன்றவர்கள். அவர்களின் முயற்சியால் 1800இல் புதிய பரீட்சைச் சட்டம் வந்தது. சாதாரணப் பட்டம் எல்லோருக்கும் உண்டு. அதற்கு மேல் தன்னைச் சோதித்துப் பார்க்க விரும்புகிறவன் கடினமான தனிப் பரீட்சைக்குத் தோற்றலாம். அதில் தேறினால் 'ஒனர்ஸ்'. தமிழில் கௌரவப் பட்டம் என்று எழுதினால், அரசியல்வாதிகளுக்குப் பொன்னாடையோடு கொடுக்கும் பட்டம் என்று சிலர் நினைத்துவிடுகிறார்கள். அது வேறு. இது வேண்டுமென்றே கூடுதல் பாரத்தைத் தூக்கியவனுக்குக் கிடைத்த மரியாதை.

முதலில் தோற்றியவர்கள் மிகச் சிலரே. 1807இல் சட்டத்தைத் திருத்தி, தேறியவர்களை முதலாம் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்று பிரித்தார்கள். இலக்கிய, தத்துவத் துறை ஒன்று, கணிதத் துறை ஒன்று என இரண்டு பட்டியல்கள். 1808இல் இரண்டிலும் முதலாம் வகுப்பு எடுத்தவர் ரொபட் பீல். பிற்காலத்தில் லண்டன் பொலிஸ் படையை அமைத்து, பிரதமராகவும் ஆனவர். அன்றைய பரீட்சை பகிரங்கமாக வாய்மொழியில் நடந்தது. பீல் பதில் சொல்வதைக் கேட்க மண்டபம் நிறையக் கூட்டமாம். 'இரட்டை முதல் வகுப்பு' என்ற பேச்சு அவரோடுதான் தொடங்கியது.

கேம்பிரிட்ஜின் பாதை வேறு. அங்கே எல்லாம் கணிதம். 18ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்தே கணிதப் பரீட்சையின் பட்டியலை முதலாமவரிலிருந்து கடைசி ஆள் வரை வரிசையாக அச்சிட்டார்கள். முதல் வகுப்பில் வருகிறவர்களுக்கு 'ரங்லர்' என்று பெயர். அதிலும் முதலாவது ஆள் 'சீனியர் ரங்லர்'. நம் பத்திரிகைகளில் அகில இலங்கை ரீதியில் முதலிடம் என்று படம் போடுவதைப் போல அவரைக் கொண்டாடுவார்கள். பட்டியலின் கடைசி ஆளுக்கும் பரிசு உண்டு. பட்டமளிப்பு மண்டபத்தின் மாடத்திலிருந்து கயிறு கட்டி ஒரு பெரிய மர அகப்பையை அவன் தலைக்கு மேல் தொங்கவிடுவார்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அகப்பை வாங்கியவன் கல்லூரியிலேயே கடைசி ஆள் அல்ல. அவனும் ஒனர்ஸ்காரன்தான். அவனுக்குக் கீழே சாதாரணப் பட்டத்தோடு போனவர்கள் நிறையப் பேர். கேலி செய்யக்கூட அவர்களை யாரும் கணக்கெடுக்கவில்லை.

இந்த வரிசைக்காக என்ன பாடுபட்டார்கள் தெரியுமா? ட்யூஷன் நம் நாட்டு வியாதி என்று கூட்டங்களில் பேசுகிறோம். 19ஆம் நூற்றாண்டுக் கேம்பிரிட்ஜில் விரிவுரையை விட ட்யூஷன்தான் பெரிது. எட்வர்ட் ரூத் என்ற தனியார் ஆசிரியர் மட்டும் 27 சீனியர் ரங்லர்களை உருவாக்கியவர். இந்த ரூத் 1854இல் தானே சீனியர் ரங்லராக வந்தபோது இரண்டாம் இடத்தில் இருந்தவர் ஜேம்ஸ் கிளார்க் மெக்ஸ்வெல். மின்சாரம், காந்தம், ஒளி மூன்றையும் ஒரே சமன்பாட்டுக் கட்டுக்குள் கொண்டுவந்த அதே மெக்ஸ்வெல். பௌதிகவியல் படிக்கும் பிள்ளைகளிடம் கேளுங்கள், மெக்ஸ்வெல்லைத் தெரியும் என்பார்கள். ரூத்தை எத்தனை பேருக்குத் தெரியும்?

1890இல் இந்த வரிசைக்கே சோதனை வந்தது. பெண்கள் பரீட்சை எழுதலாம், ஆனால் பட்டம் கிடையாது என்பது கேம்பிரிட்ஜின் சட்டம். அவர்களின் பெயர்களை ஆண்களின் பட்டியலுக்குப் பிறகு, இந்த இடத்துக்கும் அந்த இடத்துக்கும் நடுவில் என்று வாசிப்பார்கள். அந்த வருடம் பிலிப்பா போசெட் என்ற மாணவியின் முறை வந்தபோது, 'சீனியர் ரங்லருக்கு மேலே' என்று வாசிக்கவேண்டி வந்தது. முதலாமவனுக்கும் மேலே ஒரு பெண்! அப்படியும் அவருக்குப் பட்டம் கொடுக்கவில்லை. கேம்பிரிட்ஜ் பெண்களுக்குப் பட்டம் கொடுக்கத் தொடங்கியது 1948இல். அந்த வருடம்தான் பிலிப்பா காலமானார். வகுப்பில் நான் இதைச் சொன்னால் பெண்பிள்ளைகள் கொஞ்ச நேரம் பேசமாட்டார்கள்.

இன்னொரு வேடிக்கை. 1822இல் அதே கணிதப் பரீட்சையில் ஒனர்ஸ் கிடைக்காமல் விழுந்தவர்களில் ஒருவர் மெக்காலே. ஆம், இந்தியாவில் ஆங்கிலக் கல்விக்காக வாதாடிய அதே மெக்காலே. 1854இல் இந்திய சிவில் சேவைக்குப் போட்டிப் பரீட்சை வைத்துத்தான் ஆள் எடுக்கவேண்டும் என்று அறிக்கை கொடுத்த குழுவின் தலைவரும் அவர்தான். தான் விழுந்த பொறியை ஊருக்கெல்லாம் வைத்த மனிதர்.

1909ஓடு கேம்பிரிட்ஜ் அந்த வரிசையைக் கைவிட்டது. அகப்பையும் அத்தோடு முடிந்தது. தாக்குப்பிடித்தது ஒக்ஸ்போர்டின் முறைதான். ஒரு வகுப்புக்குள் எல்லோரும் சமம், பெயர்கள் அகர வரிசையில். வகுப்புகளின் எண்ணிக்கை மட்டும் காலத்துக்குக் காலம் மாறியது. மூன்றாம் வகுப்பு வந்தது, பிறகு நான்காம் வகுப்பும் வந்தது. மற்ற இடங்களில் இரண்டாம் வகுப்பு வீங்கிக்கொண்டே போக, அதை நடுவில் வெட்டி மேற்பிரிவு, கீழ்ப்பிரிவு ஆக்கினார்கள். ஒக்ஸ்போர்டோ 1970களிலும் அதைப் பிரிக்காமலே வைத்திருந்தது. நாங்கள் பெரிய தகுதி, சின்னத் தகுதி என்று பேசுகிற அப்பர், லோவர் வேறுபாடு, அந்த முறை பிறந்த ஊரிலேயே அவ்வளவு புதிது.

இப்போது அந்தத் தாயின் கேள்விக்கு வருகிறேன். முதலில் வந்தது வகுப்பு. எண் பிறகு வந்தது. ஒக்ஸ்போர்டில் நீண்ட காலம் கலைப்பாட விடைத்தாள்களுக்கு எண்ணே போடவில்லை. அல்பா, பீட்டா, காமா என்ற கிரேக்க எழுத்துகள்தான், பக்கத்தில் ஒரு கூட்டல் அல்லது கழித்தல். இது முதலாம் வகுப்பு ஆளின் எழுத்தா, இரண்டாம் வகுப்பு ஆளின் எழுத்தா என்பதைத்தான் பரீட்சகர் தீர்மானிப்பார். பின்னாளில் அந்தத் தீர்ப்புக்கு எண் மாட்டியபோது, முதலாம் வகுப்பின் வாசலுக்கு 70 என்று பெயர் வைத்தார்கள். கட்டுரை விடைக்கு முழுமை என்று ஒன்று இல்லாததால் 80க்கு மேலே பரீட்சகரின் பேனா இலேசில் ஏறாது. அங்கே 70 என்பது நூறில் எழுபது சரி, முப்பது பிழை என்ற கணக்கு அல்ல. கணிதம், விஞ்ஞானம் படிக்கிற பிள்ளை 90 எடுப்பதுண்டு. ஆனால் அவருக்கும் சான்றிதழில் அதே முதலாம் வகுப்புத்தான்.

அந்த எண்ணும் எல்லா இடத்திலும் ஒரே மாதிரிச் செய்யப்படுவதில்லை. பெரும்பாலான இடங்களில் முதலாம் வருடப் புள்ளி வகுப்புக்குச் சேராது. இரண்டாம், மூன்றாம் வருடங்களின் நிறை பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் வேறு. ஒரே புள்ளிகளோடு ஒரு பிள்ளை ஓரிடத்தில் அப்பர், இன்னோரிடத்தில் லோவர் ஆகலாம். முன்பு எல்லையில் நின்றவரைக் கூப்பிட்டு நேரில் கேள்வி கேட்பார்கள். 1962இல் முதலாம் வகுப்புக்கும் இரண்டாம் வகுப்புக்கும் நடுவில் நின்ற ஸ்டீபன் ஹோக்கிங்கை அப்படிக் கூப்பிட்டார்கள். முதலாம் வகுப்புத் தந்தால் கேம்பிரிட்ஜுக்குப் போய்விடுவேன், இரண்டாம் வகுப்பென்றால் இங்கேயே இருப்பேன் என்று சொன்னாராம். கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

இதெல்லாம் நமக்கு எப்படி வந்தது? லண்டன் பல்கலைக்கழகம் வழியாக. 1858இல் லண்டன் ஒரு புரட்சி செய்தது. எங்கே படித்தாய் என்று கேட்கமாட்டோம், வந்து பரீட்சை எழுது, தேறினால் பட்டம் என்றது. இதுதான் வெளிவாரிப் பட்டத்தின் பிறப்பு. 1921இல் கொழும்பில் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரி நம் பிள்ளைகளை அந்த லண்டன் பரீட்சைக்குத்தான் ஆயத்தப்படுத்தியது. முதல் முஸ்லிம் சிவில் சேவை அதிகாரியும், கல்முனையில் உதவி அரசாங்க அதிபராக இருந்தவருமான ஏ.எம்.ஏ. அஸீஸ் அங்கே படித்து, வரலாற்றில் லண்டனின் ஒனர்ஸ் பட்டம் பெற்றவர். 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் உருவானபோது வகுப்புகளும் அப்படியே வந்தன. நம் பொதுப்பட்டம், சிறப்புப் பட்டம் என்ற பிரிவு ஒக்ஸ்போர்டின் சாதாரணம், ஒனர்ஸ் என்ற பிரிவின் பேரப்பிள்ளை. இப்போது நாங்கள் 3.70, 3.30, 3.00 என்று ஜீபிஏ போடுகிறோம். எண் அமெரிக்காவிலிருந்து, வகுப்பின் பெயர் இங்கிலாந்திலிருந்து.

நானும் வெளிவாரிப் பட்டதாரிதான், பொதுப்பட்டம்தான். வெளிவாரியா என்று உதட்டைச் சுழிக்கிறவர்களைக் கலியாணப் பேச்சிலும் பார்த்திருக்கிறேன், நேர்முகப் பரீட்சையிலும் பார்த்திருக்கிறேன். எங்கள் ஊரில் செக்கன்ட் லோவர் எடுத்த ஒரு பிள்ளை, பெறுபேறு வந்த நாளிலிருந்து ஒரு மாதம் வெளியே வரவில்லை. அதை நினைத்துத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். அந்தப் பிள்ளை இதை வாசிப்பார் என்று தெரியும். இங்கிலாந்தில் செக்கன்ட் லோவரை 'டெஸ்மண்ட்' என்று செல்லமாகச் சொல்வார்கள். அங்கே அதை 'டூ டூ' என்று வாசிப்பார்கள், டெஸ்மண்ட் டூட்டு பாதிரியாரின் பெயரைப் போல. கவிஞர் ஓடன் 1928இல் ஒக்ஸ்போர்டில் ஆங்கில இலக்கியத்தில் எடுத்தது மூன்றாம் வகுப்பு. 1956இல் அதே ஒக்ஸ்போர்ட் அவரைக் கவிதைப் பேராசிரியராகத் தெரிவு செய்தது. ஹவுஸ்மன் என்ற கவிஞர் 1881இல் அங்கே இறுதிப் பரீட்சையில் விழுந்தே விட்டார். பத்து வருடம் காப்புரிமை அலுவலகத்தில் எழுதுவினைஞர் வேலை. அந்தி நேரங்களில் நூலகத்தில் படித்து எழுதிய கட்டுரைகளால் லண்டனில் இலத்தீன் பேராசிரியர், பிறகு கேம்பிரிட்ஜிலும் பேராசிரியர்.

இப்போது பிரித்தானியாவிலேயே இந்த முறை ஆட்டம் காண்கிறது. 1990களின் நடுவில் நூறில் ஏழு, எட்டுப் பேர் முதலாம் வகுப்பு. 2010-11இல் இங்கிலாந்தில் 16 பேரளவு. கொரோனா காலமான 2020-21இல் 37 பேரளவு. அதன் பிறகு கொஞ்சம் குறைந்திருக்கிறது. பிள்ளைகள் கெட்டிக்காரர்களாகிவிட்டார்களா, பரீட்சகரின் கை தாராளமாகிவிட்டதா என்று அங்கே பெரிய சண்டை. என் அபிப்பிராயம், இரண்டும் கொஞ்சம் கொஞ்சம், ஆனால் கை தாராளம்தான் கூட. 2007இலேயே ரொபட் பர்ஜஸ் தலைமையிலான குழு, இந்த வகுப்பு முறை இன்றைய தேவைக்குப் பொருந்தாது என்று எழுதிவிட்டது. மாற்றாக ஒன்றை முழுமையாகக் கொண்டுவர முடியவில்லை. செக்கன்ட் அப்பர் இல்லாவிட்டால் விண்ணப்பத்தையே பார்க்காத பெரிய கணக்காய்வு நிறுவனங்களில் சில அந்த நிபந்தனையை நீக்கிவிட்டன. பிடபிள்யூசி நீக்கியது 2022இல்.

அந்தத் தாய்க்கு இவ்வளவும் சொல்லவில்லை. தாளின் பின்பக்கத்தில் 70, 60, 50, 40 என்று நான்கு கோடு போட்டு, 60க்கு மேலே ஒரு புள்ளி வைத்து, மகன் இங்கே நிற்கிறான் என்று காட்டினேன். நல்ல பெறுபேறு, இதோடு மாஸ்டர்ஸுக்கும் விண்ணப்பிக்கலாம் என்றேன். முகம் தெளிந்தது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு தாளை மடித்தார். வாசல் வரை போனவர் திரும்பி வந்தார்.

"அப்ப சேர், இன்னும் ஒரு ஆறு மார்க்ஸ் எடுத்திருந்தா பர்ஸ்ட் கிளாஸா?"